கிண்டியில் பிரிண்டிங்கா, பக்கத்து ஊரில் கம்ப்யூட்டர் சயின்ஸா?

“தம்பி, நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணியோட சாய்ஸ் ஃபில்லிங் முடியுது. உங்க அத்தான் ஒண்ணு சொல்றாரு, இவன் ஒண்ணு சொல்றான். நீ வந்து ஒரு முடிவு சொல்லு” என்று சிவகாசியிலிருந்து அக்கா போன் செய்தபோது நான் சென்னையில் அலுவலகத்தில் இருந்தேன். இரவு பஸ் பிடித்துக் காலையில் போய் இறங்கினேன். முன்னறை டீப்பாய் மேல் ஒரு லேப்டாப், போன வருஷத்துப் பொறியியல் கவுன்சிலிங் கட்-ஆஃப் பட்டியலின் பிரின்ட் அவுட், அதில் அத்தான் சிவப்பு மையால் போட்ட வட்டங்கள். அத்தான் சின்னதாக ஒரு ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறார். வட்டங்கள்கூட அச்சில் வார்த்ததுபோல் இருந்தன.

அக்கா மகன், என் மருமகன், பிளஸ் டூவில் கணக்கில் 96, இயற்பியலில் 91, வேதியியலில் 92. கணக்கை முழுசாகவும் மற்ற இரண்டையும் பாதியாகவும் எடுத்துக் கூட்டினால் 200க்கு 187.5. தர்மசங்கடமான மார்க் இது. 199 எடுத்தவன் கேட்டது கிடைக்கும். 140 எடுத்தவன் கிடைத்ததில் சேர்ந்துகொள்வான். 187.5க்குத்தான் பெயர்பெற்ற கல்லூரியில் கேட்காத பிரிவும், கேட்ட பிரிவு வெளியூரில் யாருக்கும் தெரியாத கல்லூரியிலும் வந்து நிற்கும்.

போன வருஷப் பட்டியலை வைத்துப் பார்த்ததில் நான்கு கதவுகள் திறக்கும்போல் இருந்தது. ஒன்று, கிண்டி பொறியியல் கல்லூரியில் பிரிண்டிங் அண்ட் பேக்கேஜிங் டெக்னாலஜி. இரண்டு, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ், அதாவது இ.சி.இ. மூன்று, வீட்டிலிருந்து காலேஜ் பஸ்ஸிலேயே போய்வரும் தூரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ். நான்காவது கவுன்சிலிங்கிலேயே வராத ஒன்று: பேர்போன ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம், அதே கம்ப்யூட்டர் சயின்ஸ், வருஷத்துக்கு நான்கு லட்சம் கட்டணம், விடுதி தனி.

அத்தானுக்கு முதலாவது. 1794இல் சர்வே பள்ளியாகத் தொடங்கிய கல்லூரியில் தன் மகன், அதுவும் அச்சுத் தொழில் படிக்கிறான் என்றால் அவருக்கு வேறென்ன வேண்டும்? பையனுக்கு மூன்றாவது. அக்காவுக்கு, அடுத்த தெரு மகன் சேர்ந்திருக்கிற நான்காவது. இரண்டாவதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

“காலேஜ் பேரு முக்கியமா, இல்லையா? அதை மட்டும் சொல்லு மாமா” என்றான் பையன்.

யாருக்கு என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. எதனால் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

‘மற்றவை’

நான் படித்தது தென்மாவட்டத்தில் ஒரு தனியார் கல்லூரி. 2009இல் வெளியே வந்தேன். அமெரிக்காவில் வங்கிகள் கவிழ்ந்த அதிர்ச்சியில் ஐ.டி. நிறுவனங்கள் ஆள் எடுப்பதைச் சுருக்கிக்கொண்ட நேரம். எங்கள் கல்லூரிக்கு வருவதாக இருந்த இரண்டு கம்பெனிகளும் வரவில்லை. திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கி, தினமும் பிரவுசிங் சென்டருக்குப் போய் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நிறுவனத்தின் விண்ணப்பத்தில் ‘உங்கள் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று ஒரு பெட்டி. கீழே இழுத்தால் ஐ.ஐ.டி.க்கள், என்.ஐ.டி.க்கள், அண்ணா பல்கலைக்கழகம், பி.எஸ்.ஜி. என்று நாற்பது ஐம்பது பெயர்கள். கடைசியில் ‘மற்றவை’. அதைத் தேர்ந்தெடுத்தேன். பதில் வரவில்லை. ‘மற்றவை’யைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குப் பதில் அனுப்பும் வழக்கமே அங்கு இல்லை என்று, பின்னாளில் அங்கே வேலைக்குச் சேர்ந்த ஒருவர் சொன்னார்.

என் அறைத்தோழன் கிண்டிக்காரன். கடைசி வருஷம் தொடங்கியபோதே ஆஃபர் லெட்டர் வாங்கிவிட்டான். அந்த நெருக்கடியில் அவனுக்கும் சேரும் தேதி தள்ளிப்போனது, ஆனால் கையில் ஒரு காகிதம் இருந்தது. எனக்கு வேலை கிடைக்கப் பதினான்கு மாதம் ஆயிற்று. அதுவும் அவன் சேர்ந்த இடத்தில் அவனே ரெஃபரல் கொடுத்து, தேர்வு எழுத வைத்து. அவன் கல்லூரிப் பெயரில்தான் எனக்கும் வேலை கிடைத்தது என்று இன்றும் கிண்டல் செய்வான். பொய்யில்லை.

இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆள் எடுக்கும் குழுவில் நானும் இருக்கிறேன். அதனால் நிறுவனத்தின் கணக்கும் தெரியும். நாற்பது ஃபிரெஷர்கள் வேண்டும் என்று வையுங்கள். தமிழ்நாட்டில் மட்டும் நானூறுக்கும் மேல் பொறியியல் கல்லூரிகள். எல்லாவற்றுக்கும் போக முடியாது. ஒரு கல்லூரிக்குப் போவதென்றால் ஐந்தாறு பேருக்கு இரண்டு நாள் வேலை போகும். ஆகவே, ஏற்கெனவே யாரோ சலித்துவைத்த இடத்துக்குப் போகிறோம். பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கும் கவுன்சிலிங்கும்தான் அந்தச் சல்லடை. கல்லூரியில் நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா என்று யாரும் விசாரிப்பதில்லை. வாசலில் எப்படிப்பட்ட பிள்ளைகளை உள்ளே விட்டார்கள் என்பதற்குத்தான் நிறுவனம் மதிப்புக் கொடுக்கிறது.

கேட்கக் கசப்பாக இருக்கலாம். ஆனால் இந்தியக் கல்லூரிகளை வைத்து ஷீத்தல் செக்ரி 2020இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டுகிறது. கட்-ஆஃபுக்குச் சற்று மேலே இருந்து மதிப்புமிக்க அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர்களையும், மயிரிழையில் தவறவிட்டவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இறுதித் தேர்வு மதிப்பெண்ணில் அந்தக் கல்லூரி எதையும் கூட்டித் தரவில்லை. சம்பளம் மட்டும் கூடியது.

சரி, எல்லா வேலைக்கும் இப்படியா? இல்லை. ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கும் நிறுவனங்களின் அடிப்படைச் சம்பளத்தைப் பாருங்கள். டி.சி.எஸ்.ஸின் நிஞ்ஜா ஆஃபர் 3.36 லட்சம் என்றால் கிண்டியில் படித்தவருக்கும் அதுதான், ராஜபாளையம் பக்கம் படித்தவருக்கும் அதுதான். அதற்கான என்.க்யூ.டி. தேர்வை எந்தக் கல்லூரியில் இருந்தும் எழுதலாம். கோடிங்கில் நன்றாகச் செய்தால் அதே நிறுவனத்திலேயே மேலே டிஜிட்டல், பிரைம் என்று இரட்டிப்புக்கும் மேலான சம்பளத்துக்குப் போகலாம். சோஹோவோ பட்டமே கேட்காமல் பன்னிரண்டாம் வகுப்பும் டிப்ளமோவும் முடித்தவர்களை எடுத்துப் பயிற்சி கொடுப்பதை 2004இலேயே தொடங்கிவிட்டது. இந்தத் தளத்தில் கல்லூரிப் பெயருக்குப் பெரிய வேலையில்லை.

பெயர் வேலை செய்வது அதற்கு மேல்மாடியில். சொந்தமாக மென்பொருள் உருவாக்கி விற்கிற, தொடக்கமே பன்னிரண்டு, பதினைந்து லட்சம் தரும் பிராடக்ட் கம்பெனிகள், சென்னையில் பெருகிவரும் வெளிநாட்டு நிறுவனங்களின் சொந்த மையங்கள், கன்சல்டிங், நிதித்துறை. இவை ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும் எண்ணிக்கையில்தான் கல்லூரிகளுக்குப் போகின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் நான்கு வளாகங்களுக்கும் சேர்த்து சி.யு.ஐ.சி. என்ற ஒரே மையம் பிளேஸ்மென்டைக் கவனிக்கிறது. நிறுவனம் அங்கே ஒரு தடவை வந்தால் கிண்டி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., ஏ.சி. டெக் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துவிட்டுப் போகலாம். மருமகனின் பக்கத்து ஊர்க் கல்லூரிக்கு அவர்கள் வரமாட்டார்கள். அவன்தான் ஆஃப் கேம்பஸில், அதாவது கல்லூரிக்கு வெளியே நடக்கும் தேர்வுகளில், போய் அவர்கள் கதவைத் தட்ட வேண்டும்.

யாருக்குப் பெயர் வேண்டும்?

அமெரிக்காவில் இதை நெடுநாளாக அளந்துபார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு பிரபலமானது. பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தும் சாதாரணக் கல்லூரியில் சேர்ந்தவர்கள், பெரிய கல்லூரிக்கே போனவர்களுக்குச் சமமாகத்தான் பிற்காலத்தில் சம்பாதித்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளை எங்கே படித்தாலும் கெட்டிக்காரப் பிள்ளைதான். ஆனால் அந்த ஆய்விலேயே ஒரு விதிவிலக்கு உண்டு: வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரிய கல்லூரி உண்மையிலேயே வருமானத்தைக் கூட்டியது.

2023இல் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் மூவரும் ஹார்வர்டு, யேல் போன்ற பன்னிரண்டு கல்லூரிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் படிப்பதையும் நல்ல அரசுப் பல்கலைக்கழகத்தில் படிப்பதையும் ஒப்பிட்டார்கள். சராசரிச் சம்பளத்தில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் உச்சியில் இருக்கும் 1 சதவீத வருமானக்காரர்களில் ஒருவராகும் வாய்ப்பு ஒன்றரை மடங்கானது; மதிப்புமிக்க நிறுவனத்தில் வேலை பார்க்கும் வாய்ப்பு மூன்று மடங்கானது. அவர்கள் ஊர்க் கணக்கு அப்படியே நமக்குப் பொருந்தாது. இருந்தாலும் நான் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்ததோடு ஒத்துப்போகிறது. பெயர் எல்லாரையும் கொஞ்சம் தூக்கிவிடுவதில்லை; சிலருக்கு மேல்மாடிக் கதவைத் திறந்துவிடுகிறது.

அந்த வசதியில்லாத வீட்டு விதிவிலக்கை நம் ஊர் வார்த்தையில் சொன்னால், ‘தெரிஞ்ச ஆள்’. சென்னையில் அப்பாவின் நண்பர் மேனேஜர், சித்தப்பா பெங்களூரில் டைரக்டர் என்றிருக்கும் பிள்ளைக்குக் கல்லூரிப் பெயர் கூடுதல் அலங்காரம்தான். ரெஃபரல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ரெஸ்யூமே எப்படி எழுதுவது, சம்பளம் எப்படிப் பேசுவது, எந்த வேலைக்கு ‘வேண்டாம்’ சொல்வது எல்லாம் சாப்பாட்டு மேசையிலேயே கற்றுக்கொள்கிறது. வீட்டில் முதல் பட்டதாரியாகப் படிக்க வரும் பிள்ளைக்கு இதெல்லாம் எங்கிருந்து கிடைக்கும்? விடுதி வராந்தாவில், இரண்டு வருஷம் மூத்த அண்ணன் ஒருவனிடம் கிடைக்கும். அந்த அண்ணன் எங்கே வேலைக்குப் போகிறான் என்பதைப் பொறுத்து இந்தத் தம்பியின் கண்ணுக்குத் தெரியும் உலகம் விரியும். அந்தப் பிள்ளைக்குக் கல்லூரிப் பெயர்தான் தெரிஞ்ச ஆள்.

வேடிக்கை என்னவென்றால், பெயரை விலைகொடுத்து வாங்கக்கூடியவர்களுக்குத்தான் அது அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. தேவைப்படுகிறவர்களுக்கு மார்க்கைத் தவிர வேறு நாணயம் இல்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021இல் பொறியியலிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்ததை நான் பெரிய விஷயமாக நினைப்பது இதனால்தான். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி கிண்டிக்கும் வீட்டுப் பக்கத்துக் கல்லூரிக்கும் நடுவில் நின்று என்னிடம் யோசனை கேட்டால், எந்தப் பிரிவு என்றுகூடக் கேட்க மாட்டேன். கிண்டிக்குப் போ என்பேன்.

கடன் கணக்கு

இப்போது அக்காவின் ஆசைக்கு வருகிறேன். வருஷம் நான்கு லட்சம், நான்கு வருஷத்துக்குப் பதினாறு லட்சம், விடுதியும் சாப்பாடும் தனி. கவுன்சிலிங்கில் தனியார் கல்லூரிக்குப் போனால் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குக் கட்டணக் குழு வைத்தது வருஷத்துக்கு ஐம்பதாயிரம் சொச்சம். பஸ், சீருடை, ‘இதர கட்டணம்’ என்று எத்தனை சேர்த்தாலும் பாதிகூட வராது.

பதினைந்து லட்சம் கடன் வாங்குவதாக ஒரு தாளில் போட்டுப் பார்த்தோம். 10 சதவீத வட்டி, பத்து வருஷத் தவணை என்றால் மாதம் ஏறக்குறைய 19,800 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. மூன்றரை லட்சச் சம்பளம் என்றால் மாதத்துக்கு 29,000, பி.எஃப். உள்ளிட்டவை போகக் கைக்கு வருவது அதற்கும் கீழே. தவணை கட்டிவிட்டு வேளச்சேரியில் பி.ஜி. வாடகை கொடுத்தால் சாப்பாட்டுக்கு அப்பாவிடம்தான் கேட்க வேண்டும். “எட்டு லட்சம், பத்து லட்சம் கிடைக்குமாமே?” என்றாள் அக்கா. கிடைக்கிறவர்களுக்குக் கிடைக்கும். அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸிலும் அதன் கிளைப் பிரிவுகளிலும் சேர்த்து ஆயிரக்கணக்கில் பிள்ளைகள். அத்தனை பேருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயர் பொது. அதனாலேயே பெயரை மட்டும் வைத்து யாரையும் எடுப்பதில்லை. முதல் சுற்றிலேயே ஆன்லைன் தேர்வு வைத்துக் கழிக்கிறார்கள். நிறுவனம் மதிப்பது வாசலில் இருக்கும் சல்லடையை என்றேனே, இங்கே பணம் அந்தச் சல்லடையின் கண்ணைப் பெரிதாக்கிவிடுகிறது. நல்ல ரேங்க் வாங்கிக் குறைந்த கட்டணப் பிரிவில் இடம் கிடைத்தால் அது வேறு கதை. அதை நானே எடுக்கச் சொல்வேன்.

இன்னொன்றும் சொன்னேன். கல்விக் கடன் ஏழரை லட்சத்துக்கு மேலே போனால் வங்கிகள் பொதுவாகச் சொத்தை அடமானம் கேட்கும். ‘ஏழரை’ என்றதுமே அக்கா முகம் மாறிவிட்டது. அத்தானுக்கோ அச்சகக் கட்டடம் நினைவுக்கு வந்தது. நான்காவது கதவு அங்கேயே மூடிக்கொண்டது.

பளபளப்பான பேப்பரும் மூன்று எண்ணும்

பக்கத்து ஊர்க் கல்லூரியின் பிரோஷரை அத்தான் கையில் எடுத்துத் தடவிப் பார்த்து, “ஆர்ட் பேப்பர், 170 ஜி.எஸ்.எம். இருக்கும். நல்ல வேலை” என்றார். உள்ளே ‘96 சதவீதம் பிளேஸ்மென்ட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பிரோஷர்களில் இந்தச் சதவீதத்தின் அடியில் எது இருக்கிறது என்பதைப் போடுவதில்லை. பெரும்பாலும் அது ‘தகுதியுள்ள, பதிவு செய்த’ மாணவர்களில் சதவீதம். அரியர் இருப்பவர், 60 சதவீதத்துக்குக் கீழே எடுத்தவர், மேற்படிப்புக்குப் போகிறேன் என்று எழுதிக்கொடுத்தவர் எல்லாம் கணக்கிலேயே வரமாட்டார்கள். சில இடங்களில் ஆளை எண்ணாமல் ஆஃபரை எண்ணுவார்கள். ஒரே பிள்ளைக்கு மூன்று ஆஃபர் என்றால் மூன்று. ஆஃபர் வேறு, வேலை வேறு என்பதும் உண்டு. 2022இல் ஆஃபர் வாங்கிய எத்தனையோ பேர் 2024 வரை வேலையில் வந்து சேரச் சொல்லும் ஆன்போர்டிங் மெயிலுக்காகக் காத்துக் கிடந்தார்கள்.

இதற்கு ஒரு மாற்று மருந்து இருக்கிறது. பலருக்குத் தெரிவதில்லை. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் அதற்குக் கொடுத்த தகவலைத் தங்கள் இணையதளத்திலும் போட வேண்டும். தரவரிசை எண்ணை விடுங்கள். அதில் ஆராய்ச்சிக்கு 30 சதவீதம், வெளியாட்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கே 10 சதவீதம். நம் பிள்ளையின் வேலைக்கும் அதற்கும் தூரம். அந்த பி.டி.எஃப்.புக்குள் நான்கு வருடப் படிப்புக்கான அட்டவணையைத் தேடுங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், அப்புறம் வேலை கிடைத்தவர்களின் இடைநிலைச் சம்பளம்.

இடைநிலை என்பது, எல்லாரையும் சம்பள வரிசையில் நிற்க வைத்தால் நட்டநடுவில் நிற்பவர் வாங்குவது. எவனோ ஒருவனுக்கு நாற்பது லட்சம் கிடைத்தால் பிரோஷரின் அட்டைப்படம் மாறும், நடுவில் நிற்பவரின் சம்பளம் மாறாது. பேச்சுக்கு, ஆயிரம் பேர் சேர்ந்து, எழுநூறு பேர் உரிய காலத்தில் முடித்து, நானூறு பேருக்கு வேலை கிடைத்ததாக இருந்தால், பிரோஷர் என்ன சொன்னாலும் நான் போடும் சதவீதம் நாற்பது. முடிக்காத முந்நூறு பேரில் ஒருவனாக நம் பையன் இருக்க மாட்டான் என்று நாமே எப்படி முடிவு கட்டுவது?

அன்று காலை நாங்கள் மூன்று கல்லூரிகளின் அட்டவணைகளை எடுத்து வைத்துப் பார்த்தோம். பக்கத்து ஊர்க் கல்லூரியின் நடுச் சம்பளமும் அத்தானுடைய சீனியர் மெஷின்மேனின் வருஷக் கூலியும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. அத்தான் சிரிக்கவில்லை.

அண்ணா பல்கலைக்கழகத்தின் கணக்குத் தனி வளாகங்களாகப் பிரிந்து வருவதில்லை, கிண்டி பிரிண்டிங்குக்கு மட்டும் என்று ஒரு எண்ணை அதிலிருந்து பிடுங்கவும் முடியாது. இந்த அட்டவணையின் பெரிய குறை அதுதான். பிரிவு வாரியான நிலவரத்தை அங்கே படிக்கிற பையன்களிடம்தான் கேட்க வேண்டும். லிங்க்ட்இன்னில் கல்லூரி, பிரிவு, முடித்த ஆண்டு மூன்றையும் போட்டுத் தேடினால் போதும். முந்தைய செட்டில் இருபது பேர் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். மருமகன் அதை எனக்கு முன்னாடியே செய்து வைத்திருந்தான். பேக்கேஜிங் கம்பெனிகளில் சிலர், சாஃப்ட்வேரில் பலர், எம்.பி.ஏ.வுக்குப் போனவர்கள் கொஞ்சம்.

பெயரைப் பின்னாலும் வாங்கலாம்

இரண்டாவது கதவான திருநெல்வேலிக்கு இங்கே ஒரு நியாயம் செய்ய வேண்டும். ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் நிகார் ஷாஜி செங்கோட்டைக்காரர். பொறியியல் படித்தது இந்த அரசுக் கல்லூரியில்தான். சந்திரயான்-3ஐ நிலவில் இறக்கிய திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தில் பாலிடெக்னிக் படித்து, ஒரு தனியார் கல்லூரியில் பி.இ. முடித்து, அப்புறம் திருச்சி ஆர்.இ.சி.யில் (இன்றைய என்.ஐ.டி.) எம்.இ., சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம். டாடா சன்ஸ் தலைவர் சந்திரசேகரனும் கோவை சி.ஐ.டி.யில் தொடங்கித் திருச்சி ஆர்.இ.சி.யில் எம்.சி.ஏ. படித்தவர். விதிவிலக்குகளை வைத்துக் கொள்கை வகுக்கக்கூடாது என்பது சரி. நான் சொல்ல வருவது ஏணியின் அமைப்பை. பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வில் நல்ல மார்க் எடுத்தால் ஐ.ஐ.டி. எம்.டெக். கிடைக்கும், பொதுத்துறை நிறுவனங்கள் சிலவற்றில் அதை வைத்தே நேர்முகம் வரை போகலாம். அங்கே பி.இ. எந்தக் கல்லூரி என்பது வடிகட்டி இல்லை. டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு, ரயில்வே இவற்றுக்குச் சொல்லவே வேண்டாம். பட்டம் இருந்தால் போதும்.

வேலைக்குச் சேர்ந்து மூன்று நான்கு வருஷம் போனபின்? எங்கள் குழுவுக்கு வரும் அனுபவசாலிகளின் ரெஸ்யூமேயில் கல்லூரி கடைசி வரிக்குப் போயிருக்கும். அங்கே கண் போவதற்குள் பேச்சே முடிந்திருக்கும். எதில் வேலை பார்த்தாய், எது உடைந்தது, எப்படிச் சரிசெய்தாய் என்பதுதான் கேள்வி. நானும் என் கிண்டி அறைத்தோழனும் ஐந்தாவது வருஷம் ஒரே சம்பளத்தில் இருந்தோம். ஆனால் அந்தப் பதினான்கு மாதம் எனக்குத் திரும்ப வரவில்லை, அப்பா அப்போது வாங்கிய கைமாற்றின் வட்டியும்.

டபுள் கிரவுன்

மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் பையனிடம் தனியாகக் கேட்டேன். “கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேணும்னு ஏன் நினைக்கிறே? ஃபிரண்ட்ஸ் எடுக்கிறாங்கன்னா?”

பதில் சொல்லாமல் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். பைத்தானில் எழுபது எண்பது வரி. டபுள் கிரவுன் தாள் 20க்கு 30 அங்குலம். தீப்பெட்டி லேபிளோ ஊறுகாய் பாட்டில் லேபிளோ எந்த அளவு கொடுத்தாலும் ஒரு தாளில் அதிகபட்சம் எத்தனை அடங்கும், எப்படித் திருப்பிப்போட்டால் கழிவு குறையும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது. அத்தான் இந்தக் கணக்கை முப்பது வருஷமாக மனசாலேயே போடுகிறவர். ஒரு ஆர்டரில் இவன் புரோகிராம் தாளுக்கு இரண்டு லேபிள் கூடச் சொன்னதாம். “கட்டிங்குக்கு இடம் விடலை, அதான் கூட வருது” என்று அத்தான் கண்டுபிடித்தாராம். அப்புறம் கட்டிங் இடைவெளிக்கு ஒரு வரி சேர்த்திருக்கிறான்.

எனக்கு அந்த இடத்தில் பாதி முடிவு வந்துவிட்டது. புரோகிராமிங் வகுப்பறை இல்லாமலே இவனுக்கு வந்துவிடும். வராதது, நல்ல போட்டியும் மேலே இழுத்துவிடும் ஆட்களும். பக்கத்து ஊர்க் கல்லூரியில் இவன்தான் வகுப்பில் முதல் ஆளாக இருப்பான். அது சுகம், ஆனால் அதில் ஒரு ஆபத்து உண்டு. நான் அப்படி முதல் ஆளாக இருந்துதான் திருவல்லிக்கேணியில் ‘மற்றவை’ ஆனேன். கிண்டியில் இவன் நடுவில் இருப்பான், விடுதியில் பக்கத்து அறைக்காரன் இவனைவிடக் கெட்டிக்காரனாக இருப்பான்.

ஆனால் இனிப்பை மட்டும் சொல்லி அனுப்பவில்லை. கிண்டிக்கு வரும் கம்பெனிகளில் சில எல்லாப் பிரிவையும் எடுக்கும், சில ‘சர்க்யூட் பிராஞ்ச்’, அதாவது கம்ப்யூட்டர், எலெக்ட்ரானிக்ஸ், எலெக்ட்ரிக்கல் வகைப் பிரிவுகள், மட்டும் என்று கதவில் எழுதி வைக்கும். பிரிண்டிங்கில் சேர்ந்தால் அந்த இரண்டாம் வகைக் கம்பெனிகள் கண்முன்னே வந்துவிட்டு, உன்னைப் பார்க்காமலே போகும். பகலில் மை, தாள், பேக்கேஜிங் படித்துவிட்டு ராத்திரி டேட்டா ஸ்ட்ரக்சர் படிக்க வேண்டும். சி.ஜி.பி.ஏ. ஏழரைக்குக் கீழே போனால் எல்லாப் பிரிவையும் எடுக்கிற கம்பெனியும் கையை விரிக்கும். நான்கு வருஷம் பிடிக்காத பாடத்தைப் படிக்கிற வெறுப்பில் அரியர் விழ விட்ட கிண்டிப் பையன்களையும் நான் பார்த்திருக்கிறேன். தொழில் எட்டிக்காயாகக் கசக்கிறது என்றால் திருநெல்வேலி இ.சி.இ.யை மேலே போடு என்றேன். அது சர்க்யூட் பிராஞ்ச், அரசுக் கட்டணம், ஹாஸ்டலிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம். என் பட்டியலில் பக்கத்து ஊர் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாவது. அதுவே ஒரு வீட்டில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல், பையன் மாலையில் கடையைப் பார்க்க வேண்டிய நிலை என்றால், யோசிக்காமல் அதை முதலில் போட்டிருப்பேன். பஸ்ஸில் போய்வந்து, வீட்டில் நல்ல இன்டர்நெட் வைத்துக்கொண்டு, முதல் வருஷத்திலிருந்தே கோடிங் போட்டிகளில் விழுந்து எழுந்து மேலே வந்தவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள்.

“பிரிண்டிங் கசக்கலை மாமா. அப்பா கடையிலேயே உட்கார வெச்சிடுவாரோன்னுதான் பயம்” என்றான்.

இதை அவன் அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லச் சொல்லி நானும் வற்புறுத்தவில்லை.

நாலு மணிக்கு மேல் லேப்டாப்பைத் திறந்தான். கல்லூரிக் கோடு 1, அதாவது கிண்டி, பிரிண்டிங். அடுத்து திருநெல்வேலி இ.சி.இ. அப்புறம் பக்கத்து ஊர். பின்னாலேயே பாதுகாப்புக்கு வேறு ஒரு பத்துப் பதினைந்து. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முதல் இரண்டையும் இடம் மாற்றினான். மறுபடி மாற்றினான். நாலே முக்காலுக்கு லாக் செய்தான். முதலில் இருந்தது கோடு 1.

அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு திரையை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். “படிச்சிட்டு வந்து என் மிஷினைக் குறை சொல்லப் போறான்” என்றார். ஆடிப் பதினெட்டுக்குள் காலண்டர் ஆல்பம் முடித்தாக வேண்டும், ஃபோர்மேன் காலையிலிருந்து மூன்று தடவை போன் அடித்துவிட்டார். வண்டியை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குக் கிளம்பினார்.